நொடிக்கு இரண்டு விம்மல்

இன்னும் மூன்று பேண்ட் இருக்கிறது, நாலு, ஐந்து, ஆறு, அதற்குப் பிறகு நாங்கள், ஏழு என்று எழுதிய மஞ்சள் அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ள ஊசி கொடுத்தார்கள், குத்தும்போது விரலில் ஏறிவிட்டது, இடதுகை நடுவிரல், ஒரு சொட்டு ரத்தம், பேஸ் கிடார் வாசிக்கிறவனுக்கு அந்த விரல் முக்கியம் என்று ஒருகணம் பதறினேன், அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது, என்னுடைய எந்த விரல்தான் முக்கியம், நான் வாசிக்காவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. நாகர்கோவிலில் இந்தக் கல்லூரியில் போட்டிக்கு வந்த பேண்டுகள் காத்திருக்கப் பௌதிக ஆய்வகத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எனக்கென்று தேடித் திறந்த மாதிரி இருக்கிறது, நான் தூத்துக்குடியில் பி.எஸ்சி. பௌதிகம் இரண்டாம் ஆண்டு, இந்த மேசைகளும் கறுப்புப் பலகையில் பாதி அழிந்த சூத்திரமும் ஊரில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தால் முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கின்றன. அலமாரி ஓரத்தில் சோனாமீட்டர்கள், நீளப் பெட்டியின் மேல் ஒற்றைக் கம்பி, அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைக்க நினைக்க அந்தப் பக்கம்தான் கண் போகிறது. எதிரே மாகாளி, எங்கள் டிரம்மர், முழுப்பெயர் உச்சிமாகாளி, இரண்டு குச்சியையும் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கிறான், தட்டுவான், நிறுத்துவான், கண்ணை மூடி எதையோ தேடுவான், மறுபடி தட்டுவான். அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஐஸ் கம்பெனியில்தான் எல்லாம் ஆரம்பித்தது, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கிறதே அது, மாகாளியின் அப்பா அங்கே கம்ப்ரசர் ஆபரேட்டர், பழைய தகர டின்கள் அடுக்கிவைத்த பின்னறையை ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்களுக்குத் தந்தார், தந்தார் என்ன தந்தார், டிரம்ஸை வீட்டில் வைத்தால் அவன் அம்மா உலக்கையால் உடைத்துவிடுவார் என்று தந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர், அது தூங்கவே தூங்காது, ம்ம்ம்ம் என்று ஒரே மூச்சு, தரையில் செருப்பில்லாமல் நின்றால் உள்ளங்காலிலிருந்து முட்டி வரைக்கும் ஏறும், அமோனியா வாசம் லேசாகக் கண்ணைக் கரிக்கும். முதல் ஆறு மாதம் இங்கிலீஷ் பாட்டுகளைக் காப்பியடித்தோம், கேவலமாகத்தான் இருந்தது, ஷெர்வினுடைய கிடார் மட்டும் சுத்தமாக இருக்கும், அவன் எப்போதும் சுத்தம், கம்பியைத் துடைக்கவே தனித் துணி வைத்திருப்பான். அப்புறம் ஒருநாள் நான் கடைசிக் கம்பியைச் சும்மா தட்டினேன், அறை ஒரு மாதிரி விம்மியது, ஏறி இறங்கி ஏறி இறங்கி, சுவரே மூச்சு வாங்குகிற மாதிரி, மாகாளி அந்த ஏற்ற இறக்கத்தின் மேல் குச்சியை வைத்தான், பாடுகிற ஜெனோவா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பித் தமிழில் ஏதோ முனகினாள், நனையாத கடலொண்ணு கேட்டேன் என்று, அவளுக்கே அர்த்தம் தெரியாது, அதுதான் எங்கள் முதல் பாட்டு. பாட்டு முடிந்ததும் ஷெர்வின் வந்து என் தோளில் குத்தினான், "ஏல கஸ்பாரு, ஒன் பேஸ் நெஞ்சுல வந்து இடிக்குதுல," என்றான். இருபது வருஷத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, வீட்டுக்குச் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே போனேன், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடக்கூடாது என்று. அதற்குப் பிறகு ஐந்து பாட்டு, எல்லாம் அந்தக் கடைசிக் கம்பியிலேயே, வேறு சுருதிக்குப் போகவே தோன்றவில்லை. பேண்டுக்கும் ஐஸ் கம்பெனி என்றே பெயர். ஊரில் மூன்று கல்லூரிப் பையன்கள் மீன் லாரிக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் நின்று கேட்டார்கள், அடுத்த வாரம் பத்துப் பேர், அதற்கடுத்த வாரம் ஐஸ் உடைக்கிறவர்களே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

நாலாம் நம்பரைக் கூப்பிடுகிறார்கள், ஐந்து பேர் எழுந்து போகிறார்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை, ஒருத்தன் சிலுவைக்குறி போட்டுக்கொள்கிறான், போட்டும்டே, அன்றைக்கு நானும்தான் போட்டுக்கொண்டேன், பாளையங்கோட்டையில், மூன்று வாரம் முன்னால், முதல்முறையாக ஐஸ் கம்பெனியை விட்டு வெளியே வந்து வாசித்தபோது. பெரிய ஸ்பீக்கர், பெரிய மேடை, அதே பாட்டு, அதே நாலு பேர், ஆனால் ஒன்றுமே இல்லை. கம்பியைத் தட்டினால் டொம் என்று விழுந்து செத்துப்போகிறது. கிணற்றில் கல்லைப் போட்டால்கூடக் கொஞ்சம் சத்தம் வரும். மாகாளி ஓட ஆரம்பித்தான், அவன் ஓடுகிறவனே இல்லை, கடிகாரம் அவன், அன்றைக்குப் பேய் துரத்தின மாதிரி ஓடினான், ஜெனோவா சுருதியைத் தேடித்தேடிப் பாடினாள், முன்வரிசையில் ஒரு பெண் செல்போனை எடுத்துப் பார்த்ததை நான் பார்த்தேன், அதைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. மைக் செட்டுக்காரனைத் திட்டிக்கொண்டு கீழே இறங்கினோம். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்து ஷெர்வின் மாகாளியிடம் மெதுவாகச் சொன்னான், "சொல்லுதேன்னு தப்பா நெனைக்காத மாகாளி, இவன் ஒழுங்கா வாசிக்கவே இல்ல, எங்க அத்தை மவன் கீபோர்டு வாசிப்பாம்லா, இடதுகையிலேயே பேஸ் போட்டுருவான், நாகர்கோவில்ல ஒரு தடவை பாப்போம், அங்கயும் இப்படித்தான்னா மாத்திருவோம்." மாகாளி பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மூன்று வாரமாக நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒருதடவை பார்த்தால் எனக்காக வருத்தப்பட்ட மாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை பார்த்தால் சரி என்று தலையாட்டின மாதிரி இருக்கிறது. வல்லநாடு வரைக்கும் தூங்குகிறவனாக நடித்தேன், கழுத்து சுளுக்கிக்கொண்டது.

பத்து நாளைக்கு முன்னால் எங்கள் ஆய்வகத்தில் உண்மை தெரிந்தது, தெரியாமலே இருந்திருக்கலாம். சோனாமீட்டர் கம்பியில் கரண்டை விட்டு அதன் அதிர்வெண் கண்டுபிடிக்கிற சோதனை, கம்பியின் மேல் சின்னக் காகிதத் துண்டை மடித்து உட்காரவைக்க வேண்டும், நீளம் சரியாக வந்தால் கம்பி துடித்துக் காகிதம் துள்ளி விழும். விழுந்தது. ம்ம்ம்ம் என்று கம்பி முனகியது. அந்த முனகல் எனக்குத் தெரிந்த முனகல், உள்ளங்காலில் ஏறுகிற முனகல், கைநோட்டை மூடிவைத்துவிட்டு நின்றேன். கரண்டு நொடிக்கு ஐம்பது, அதில் ஓடுகிற மோட்டாரெல்லாம் இரட்டிப்பாக நூறு தடவை முனகும், கம்ப்ரசரும்தான். என் கடைசிக் கம்பி தொண்ணூற்றெட்டு. கழித்தால் இரண்டு. கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற இரண்டு சத்தம் சேர்ந்தால் ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும், கல்லூரியில் இதற்கு பீட்ஸ் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் தமிழ்மீடியத்தில் படித்தபோது விம்மல்கள் என்று பெயர். பாடப்புத்தகத்தில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், "யாரு சார் அழுதா?" என்று கேட்டான், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். நொடிக்கு இரண்டு விம்மல். மாகாளியின் தாளம் நொடிக்கு இரண்டு. அவன் கடிகாரம் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கத்தைக் கேட்டு வாசித்திருக்கிறான், ஜெனோவா அதில் நின்று பாடியிருக்கிறாள், நெஞ்சில் வந்து இடித்தது அதுதான், நானில்லை. நான் எப்போதாவது ஒரு தட்டு தட்டினேன், மிச்சத்தை மெஷின் வாசித்தது. எனக்கு உடனே அந்தோணியார் கோவில் கொயர் ஞாபகம் வந்தது, எட்டாம் வகுப்பு, கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள், பாட்டு மாஸ்டர் என் பக்கமாகக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கஸ்பார், நீ வாயை மட்டும் அசை, என்ன," என்றார், அன்பாகத்தான் சொன்னார், திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இரண்டு கிறிஸ்துமஸ் வாயை மட்டும் அசைத்தேன். அம்மா கீழே உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் என்னைக் கைகாட்டிச் சிரித்துக்கொண்டிருப்பாள். ஐஸ் கம்பெனியில் விரலை மட்டும் அசைத்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்து போய்விட்டது. இதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம், பத்து நாள் இருந்தது, சொன்னால் ஷெர்வின் என்ன கேட்பான் என்றும் தெரியும், அப்ப நீ என்னத்துக்குல என்று கேட்பான், கோபத்தில்கூட இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்பான். காலையில் வந்து இறங்கியதும் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் லாரி நிற்பதைப் பார்த்தேன், ஆசை யாரை விட்டது, போய்ப் பக்கத்தில் காதை வைத்தேன், டீசல் இன்ஜின், அது முனகவில்லை, இருமியது, டிரைவர் பீடிபிடித்த கையால் இன்ஜினைக் காட்டி, "என்ன தம்பி, பிள்ளைக்குச் சீக்கா?" என்றார். இதோ ஷெர்வின் வருகிறான், சுருதி பார்க்கக் கிளிப் மாதிரி மாட்டுகிற டியூனரோடு, அவன் கிடாரை முடித்துவிட்டான், என் பேஸின் தலையில் மாட்டி ஒவ்வொரு கம்பியாகத் தட்டச் சொல்கிறான், சிவப்பு, சிவப்பு, பச்சை, அடுத்தது, பச்சை. கடைசிக் கம்பி பச்சை, சுருதி சரி. "இனிமே தொடாத," என்கிறான். "பாளையங்கோட்டைல சுருதி போச்சுன்னு ஜட்ஜ் சொன்னாரு, ஞாபகம் இருக்குல்லா? தொட்ட, கைய ஒடிச்சிருவேன் பாத்துக்க." சிரித்துக்கொண்டே சொல்கிறான், நானும் சிரிக்கிறேன், என் சிரிப்பு எப்படி இருக்கிறதோ. அவன் கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டம், கெட்டவனாக இருந்தால் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன். அவனுக்கு இந்தப் பேண்ட் நன்றாக இருக்க வேண்டும், எனக்கும் அதேதான், ஆனால் அதில் நானும் இருக்க வேண்டும், இந்த இரண்டாவது ஆசையை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜெனோவா மிளகும் கற்கண்டும் வாயில் அடக்கிக்கொண்டு என் பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்கிறாள். "எனக்குப் பயமா இருக்கு கஸ்பார்," என்கிறாள். "அன்னைக்குப் பாளையங்கோட்டைல எனக்கு நிக்கவே எடமில்ல. ஐஸ் கம்பெனில பாடும்போது யாரோ பின்னால நின்னு தாங்கிக்கிட்ட மாதிரி இருக்கும். அன்னைக்குத் திரும்பிப் பாத்தா யாருமே இல்ல." அன்றைக்கு அவளுக்குப் பின்னால் நான்தான் நின்றேன். இரண்டடி தூரத்தில். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

ஆறும் மேடை ஏறியாயிற்று, இன்னும் ஒரு இருபது நிமிஷம், அவர்கள் சத்தம் ஜன்னல் கண்ணாடியில் அதிர்கிறது, அலமாரியில் சோனாமீட்டர் கம்பிகள் சும்மா கிடக்கின்றன. பேஸை மடியில் வைத்து அதன் மேல்கொம்பைத் தாடையில் அழுத்திக்கொள்கிறேன், வயர் மாட்டாமல் கேட்க இதுதான் வழி, எலும்பு வழியாகச் சத்தம் நேரே உள்ளே போகும், வேறு யாருக்கும் கேட்காது. பழக்கதோஷம், பக்கத்துக் கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டில், கழுத்தின் ஐந்தாம் கட்டத்தில், விரலை வைக்கிறேன், கடைசிக் கம்பியையும் சேர்த்துத் தட்டுகிறேன், இரண்டும் ஒரே சத்தம் வர வேண்டும், டியூனர் வாங்கக் கதியில்லாத காலத்தில் எல்லோரும் இப்படித்தான் சேர்ப்பார்கள், சேராமல் இருந்தால் விம்மும், விம்மல் மெதுவாகி மெதுவாகி நிற்கும்வரை கீயைத் திருக வேண்டும், நின்றால் சுருதி சேர்ந்தாயிற்று. நிற்கும்வரை. விம்மல் நிற்கும்வரை. என் கை நின்றுவிட்டது. பாளையங்கோட்டையில் நாங்கள் அதை நிறுத்திவிட்டுத்தானே மேடை ஏறினோம். ஷெர்வின் பார்க்கிறானா, இல்லை, அவன் துணியால் கம்பியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்துக் கம்பியின் கீயை ஒரு மயிரிழை திருகுகிறேன். தட்டுகிறேன். தாடைக்குள் ஏறுகிறது, இறங்குகிறது, வேகமாக இருக்கிறது, நாலைந்து இருக்கும், கொஞ்சம் இறக்குகிறேன், மூன்று, இன்னும் கொஞ்சம், சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்கிறேன், இரண்டு. கண்ணில் நீர் முட்டிவிட்டது, இங்கே அமோனியாகூட இல்லை. உடனே பயம் பிடித்துக்கொண்டது, திரும்பப் பழைய இடத்துக்கே திருகிவிட்டேன், விம்மல் நின்றது. தாடையில் கேட்டது ஸ்பீக்கரில் கேட்குமா, கேட்டாலும் அவ்வளவு பெரிய மண்டபத்தில் அது விம்மலாகக் கேட்குமா, இல்லை சுருதி சேர்க்கத் தெரியாத ஒருத்தன் வாசிப்பதாகக் கேட்குமா. அப்படிக் கேட்டால் அத்தோடு சரி, அத்தை மகன் அடுத்த ஞாயிறே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான், நான் ஜன்னலோரம் நின்று கேட்க வேண்டியதுதான், மீன் லாரிக்கு நடுவே. தொடாமலே இருந்தாலோ, பாளையங்கோட்டைதான், அப்போதும் அத்தை மகன்தான். எப்படிப் பார்த்தாலும் அவன்தான் வருகிறான். ஆனால் ஒன்றில் நான் ஒழுங்கான பையனாக வெளியே போவேன், யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள், பாவம், மைக் செட் சரியில்லை என்பார்கள். வாயை மட்டும் அசைத்தவனை யார் குறை சொன்னார்கள். மாகாளி குச்சியை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறான். "என்னல?" என்கிறேன். "ஒண்ணுமில்ல," என்கிறான், "கைக்கு வரமாட்டேங்குது மக்கா, ஞாயித்துக்கிழமை வருது, இங்க வரமாட்டேங்குது." அவனும் தனியாகத்தான் பயந்துகொண்டிருக்கிறான். நொடிக்கு இரண்டு என்று சொல்ல வாயெடுத்தேன், கதவைத் திறந்து, "ஏழு, ஏழு யாருங்க?" என்று கேட்டார்கள்.

மேடையில் வெயில் மாதிரி வெளிச்சம், கீழே தலைகள் மட்டும் தெரிகின்றன, அறிவிப்பாளர் பெண், "அடுத்து, ஐஸ்கிரீம் கம்பெனி," என்கிறாள், மண்டபம் சிரிக்கிறது, ஒருத்தன் வெனிலா என்று கத்துகிறான், வயரைச் செருகுகிறேன், டப் என்கிறது, ஜெனோவா மைக் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இரண்டடி, அதே இரண்டடி, அவள் முதுகில் வேர்வை படர்ந்திருப்பது தெரிகிறது, அவள் திரும்பிப் பார்க்கப்போகிறாள், இப்போது பார்ப்பாள், யாருமில்லை என்று பார்ப்பாள். என் கை மேலே, பக்கத்துக் கம்பியின் கீயை நோக்கிப் போகிறது. ஷெர்வின் பார்த்துவிட்டான், அவன் முகம் மாறுவதைப் பார்க்கிறேன், தலையை இல்லை இல்லை என்று ஆட்டுகிறான், நான் ஒரு மயிரிழை திருகுகிறேன், ஊசி குத்தின விரலை ஐந்தாவது ஃபிரெட்டில் அழுத்துகிறேன், வலிக்கிறது, இரண்டு கம்பியையும் சேர்த்துத் தட்டுகிறேன். முதலில் ஒன்றுமில்லை, வெறும் சத்தம், கோணலான சத்தம், முன்வரிசையில் ஒரு ஜட்ஜ் பேனாவை எடுக்கிறார், தொலைந்தேன், அப்புறம் ஏறுகிறது. இறங்குகிறது. ஏறுகிறது. பலகைத் தரை வழியாக ஷூவுக்குள் வருகிறது. அது சாவதற்குள் மறுபடி தட்டுகிறேன், மறுபடி, இனிமேல் ஒரு தட்டையும் யாரும் எனக்காக வாசிக்கமாட்டார்கள், பாட்டு முடிகிறவரை நான்தான் தட்ட வேண்டும், பின்னால் மாகாளியின் குச்சி அந்த ஏற்றத்தின் மேல் வந்து விழுகிறது, தேடாமல் விழுகிறது, ஜெனோவா திரும்பவில்லை, அவள் தோள் இறங்குகிறது, பிடித்திருந்த ஸ்டாண்டை விட்டுவிட்டாள். ஷெர்வின் என்னை நோக்கி வருகிறான், கண் சிவந்திருக்கிறது, கோபமா வேறு எதுவுமா தெரியவில்லை, மூன்றடி தூரத்தில் நின்று ஏதோ கத்துகிறான், ஒன்றும் கேட்கவில்லை, சத்தமெல்லாம் என்னிடமிருந்து வருகிறது, அவன் வாய் மட்டும் அசைகிறது. தொடாத என்கிறானா, விடாத என்கிறானா. இரண்டுக்கும் வாய் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் அசைகிறது. நான் விடவில்லை.